வலிக்காதக்கா

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஒருமுறை வந்துபோனவர்கள், மறுமுறை வரும்போது கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டு, "வலிக்காதக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் உடம்பின் மீதிப் பாகம் உள்ளே வரும். இல்லையென்றால், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி, வீங்கிய கன்னத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

வலிக்காதக்கா டாக்டர் இல்லை. நர்ஸ் படிப்பும் படித்தவள் இல்லை. நாற்காலிக்கு இடப்பக்கம் நின்று, எச்சிலை உறிஞ்சும் குழாயை வாய்க்குள் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா கை நீட்டும் முன்பே அடுத்த கருவியை எடுத்துக் கொடுக்கிறவள். கல்யாணமான மறுவருடம் இந்த வேலைக்கு வந்தாள். இப்போது மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் செய்த முக்கியமான வேலை, குழாய் பிடித்தது இல்லை, "வலிக்காது" என்று சொன்னதுதான்.

அதை அவள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். மீசை வைத்தவர்களிடம், "உங்களுக்கெல்லாம் இது ஒரு வலியா சார்?" பெண்களிடம், "பிள்ளை பெத்தவங்களுக்கு இது என்னக்கா?" பிள்ளைகளிடமும் அழுகிறவர்களிடமும், குரலைத் தணித்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான்." எந்த எறும்பும் ஈறில் அப்படிக் கடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிற உலகத்தில், ஒரு பொய் சொல்லி ஒரு பல் பிடுங்குவது பெரிய குற்றமில்லை.

இன்னொரு பொய்யும் உண்டு. ஊசி போட்டபின் டாக்டரம்மா சொல்லுவார்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்." கை தூக்கப்படும். நிறுத்தப்படாது. அந்தக் கையைப் பிடித்து, தட்டிக்கொடுத்து, மெல்லக் கீழே இறக்கி வைத்து, "இதோ முடிஞ்சிடுச்சு" என்று சொல்லுவது வலிக்காதக்காவின் வேலை. இடது கை அவள் பக்கம் இருப்பதே அதற்காகத்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு மழைக்காலத்தில் தூக்கம் போனது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மொத்தமாக. உடம்பு களைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் பளபளத்தது. கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர், ஈயம் பூசின மாதிரியும் பூசாத மாதிரியும் ஒரு மனிதர். அவரே, "கொஞ்சம் படுத்துக்கோயேன்" என்று வாய்விட்டுச் சொன்னார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அவர்தான் அவளை மன டாக்டரிடம் அழைத்துப் போனார்.

மன டாக்டர் நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்ல மனம் வராது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மனசுல எது வந்தாலும் சொல்லுங்க. இந்த ரூமைத் தாண்டிப் போகாது" என்றார். ஒரு டாக்டர் தன்னைப் பேசச் சொல்லிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்து அவள் பார்த்ததில்லை. பல் டாக்டரம்மாவும் கேள்வி கேட்பார்தான், ஆனால் வாயில் எல்லாவற்றையும் திணித்துவிட்டுக் கேட்பார். வலிக்காதக்கா மன டாக்டரிடம் எல்லாம் சொன்னாள். மாத்திரையும் விழுங்கினாள். சில மாதங்கள் அவர் பெயரைச் சொன்னாலே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு பற்கள் வந்தன.

பல் கல்லூரி மாணவர்கள் படிப்புக்காகக் கேட்டு வருவார்கள் என்று, பிடுங்கிய பற்களை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு வைப்பது கிளினிக்கில் வழக்கம். ஒரு நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வலிக்காதக்காவுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இவை எல்லாம் யாரோ ஒருவருடைய பொருள். கேட்காமல் எடுத்து வைத்திருக்கிறோம். பல்லைப் பார்த்தாலே ஆளைச் சொல்லக்கூடியவள் தான் ஒருத்திதான். திருப்பிக் கொடுக்கவும் தான்தான் போக வேண்டும்.

போனாள். பற்களைக் கழுவி, கொதிநீராவிப் பெட்டியில் வைத்துச் சுத்தம் செய்து, பஞ்சில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாகப் போனாள். "இது உங்க பல்லு. ரொம்ப நாள் வச்சிருந்துட்டோம், மன்னிச்சுக்கோங்க." சிலர் கதவைச் சாத்தினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவர் ஒரு பல்லும் பிடுங்கிக்கொண்டவர் இல்லை, கறை எடுக்க வந்தவர். கடைசியில் மகளின் கணக்கு வாத்தியாருக்கு அவருடைய கடைவாய்ப் பல்லைக் கொடுக்க அவள் பள்ளிக்கூடத்துக்கே போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் மன டாக்டரிடம் இதையும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், நல்ல காரியம் செய்தவர்கள் சிரிப்பதுபோல. அவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், "கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்றார். கணவரை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. இந்த அறையைத் தாண்டிப் போகாத விஷயம் அறைக்குள்ளேயே இருந்து, அவள்தான் அறையைத் தாண்டி வந்திருந்தாள்.

வெளியே வந்த கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார். "ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை. மாடியில எடுப்பாங்க. அரை மணி நேரம், அனுப்பிடுவோம்."

"ஊசி வலிக்குமா?" என்று அவள் வேடிக்கைக்குக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

லிப்டில் ஏறும்போதே அவளுக்கு உறுத்தியது. அந்த வாக்கியம் அவளுடையது. அந்தக் குரல் தணிப்பும் அவளுடையது. அழுகிறவர்களுக்காக என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் நினைத்து முடிக்கும் முன் மாடி வந்துவிட்டது, ஒரு கதவு திறந்தது, மூடியது. மூடிய கதவின் உட்பக்கத்தில் கைப்பிடி இல்லை. ரத்தம் எடுத்தார்கள் என்பது உண்மை. அந்த ஒன்றில் யாரும் பொய் சொல்லவில்லை.

அரை மணி நேரம் மூன்று வாரம் ஆனது.

வார்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு. சுடிதாரின் நாடாவை உருவி வாங்கிக்கொண்டார்கள். அவள் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். மாத்திரை கொடுத்தபின் நர்ஸ் டார்ச் அடித்து, "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்தை இழுங்க" என்பாள். ஊர் வாயை எல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தவள், இப்போது தன் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றாள். ஒரு மாத்திரையை வாயில் எங்கெல்லாம் ஒளிக்கலாம் என்று அந்த நர்ஸைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரம் ஒளித்தாள். பிறகு, வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் விழுங்கினாள். தன்னை ஏன் ஏமாற்றினார்கள் என்று டாக்டரிடம் கேட்டாள். கோபமாகக் கேட்டாள். கோபம் இன்னும் தணியவில்லை என்று சொல்லி மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர் இருந்தார். அது அவருக்கு நாலாவது தடவை. அவர்தான் விஷயத்தை விளக்கினார்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லு. ரொம்ப நல்லா இருக்கேன்னு சொல்லிடாதே. அதுவும் வியாதின்னு எழுதிடுவாங்க."

"தூக்கம்?"

"வருதுன்னு சொல்லு. ஆனா ஒரு தடவை முழிப்பு வந்துச்சு, பாத்ரூம் போனேன்னு சேர்த்துக்கோ. அப்பத்தான் நம்புவாங்க."

வலிக்காதக்கா தொழில் தெரிந்தவள். இந்த மாதிரி நுணுக்கம் அவளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி அவளைக் குணப்படுத்தவில்லை என்று சொன்னால் பொய். குணப்படுத்தியது. தூக்கம் வந்தது, பற்கள் பற்களாகத் தெரிந்தன. தபால்காரர் வீட்டை நினைத்தால் உடம்பு கூசியது. சேர்க்காமல் விட்டிருந்தால் அடுத்து எங்கே போயிருப்பாள் என்று அவளுக்கே தெரியும். அதுதான் எரிச்சல். செய்தது தப்பு என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். செய்தது சரி, செய்த விதம் தப்பு என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கணவரிடம் போட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"டாக்டர் சொன்னாரு. சொன்னா நீ வர மாட்டேன்னு."

"கேட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

"கேட்டா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அதனால் சண்டை அங்கேயே நின்றுபோனது. நின்றுபோன சண்டைதான் வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மகள் எதுவும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாரின் வகுப்பில் மட்டும் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

டாக்டரம்மா அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். பல் பாட்டிலை மட்டும் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வலிக்காதக்கா முதல் நாள் பழையபடி நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றாள். நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். கை இரண்டும் பிடியை நசுக்கிக்கொண்டிருந்தன.

"வலிக்குமாக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. நாக்கு மரத்துப்போனதுபோல இருந்தது. பிறகு வேறொன்று வந்தது.

"வலிக்கும். ஊசி போடறப்போ நல்லாவே வலிக்கும். அப்புறம் மரத்துடும். பிடுங்கறப்போ வலி இருக்காது, ஆனா மண்டையே ஆடற மாதிரி ஒரு அழுத்தம் இருக்கும். சாயங்காலம் மறுபடி வலிக்கும்."

டிரைவர் எழுந்தார். கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் துணியோடு வாசல் வரை போய், திரும்பி வந்து, துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இந்தாம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"வர மாட்டேங்குது மேடம்."

"என்ன வர மாட்டேங்குது?"

"அந்த வார்த்தை."

அந்த வாரம் நாலு பேர் ஓடினார்கள். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார், அந்தத் தொழிலில் அது நல்லதில்லை என்று தெரிந்தும். இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. இடது கை உயர்ந்தால் வலிக்காதக்கா அதை இறக்கி வைப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக உறிஞ்சும் குழாயை வாயிலிருந்து வெளியே எடுத்துவிடுவாள். குழாய் இல்லாவிட்டால் வாய் குளமாகும், குளத்தில் யாரும் வேலை பார்க்க முடியாது. டாக்டரம்மா நிறுத்தித்தான் ஆக வேண்டும். "குழாயை வை" என்பார். "அவங்க கையை இறக்கட்டும் மேடம்" என்பாள். ஒருநாள் இரண்டு பேரும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் திறந்த வாய்க்கு மேல் நின்று அடித்துக்கொள்ளாத குறை.

வேலையை விட்டு அனுப்பியிருப்பார். லாரி டிரைவர்தான் கெடுத்தார். அடுத்த வாரம் கன்னம் இரண்டு மடங்காகித் திரும்பி வந்து, "அந்த உள்ளதைச் சொல்ற அக்கா இருந்தா பிடுங்கிக்கிறேன். அவங்க சொன்னதுல ஊசியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன வரும்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே என்ன பயம்?" என்றார். ஓடியவர்களில் பாதி அப்படித் திரும்பினார்கள். மீதிப் பாதி வேறு கிளினிக்கில் எறும்பு கடி வாங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா கணக்கைப் போட்டுப் பார்த்து, அவளை வேலையில் விட்டுவைத்தார். வலிக்காதக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஊர் ஒரு பெயர் வைத்தால் உண்மையைப் பார்த்தா மாற்றும்?

கிளினிக்கில் இப்படி அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடாகிவிட்டவள், மாதம் ஒருமுறை மன டாக்டரின் அறைக்குப் போனால் வேறு ஆள். சூடு கண்ட பூனை.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"தூக்கம்?"

"வருது. நடுவுல ஒரு தடவை பாத்ரூம் போனேன்."

அவர் எழுதிக்கொள்வார். அவர் இன்னமும் அவள் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், இன்னமும் எது வேண்டுமானாலும் சொல்லச் சொன்னார். ஆனால் அவள் பேசும்போது அவர் கையைத்தான் பார்த்தாள். அது பேனாவை எடுக்கிறதா, மேஜை மணிப் பக்கம் போகிறதா, கணவரைக் கூப்பிடப் போகிறதா. ஒரு காலத்தில் இதே அறையில் மனம்விட்டு அழுதிருக்கிறாள் என்று நினைத்தால், அது வேறு யாரோ என்று தோன்றியது. அந்த அழுகை போனதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். நாடாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழுகையைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை.

அடுத்த வருடம் மழை தொடங்கியதும் தூக்கம் மறுபடி கழன்றது.

இம்முறை அவளுக்கு வழி தெரியும். கணவருக்குத் தெரியாமல் கண்ணை மூடிச் சீராக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் வேண்டுமென்றே கொட்டாவி விட்டாள். பாத்திரங்களைப் பளபளப்பாக்கக் கை துடித்தது, தேய்க்காமல் அடக்கிக்கொண்டாள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள், ஆனால் அது முன்போல் வேலை செய்யவில்லை. அளவை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். சொன்னால் மாடி. சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் தன் மூளை தன்னைக் கேட்காமல் ஒரு முடிவெடுக்கும், மறுபடி மகளின் வகுப்பு வாசலில் போய் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், கொதிநீராவிப் பெட்டி முன்னால் நின்று அவள் தினமும் கருவிகளை அடுக்கினாள்.

மாதாந்திரச் சந்திப்பு வந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். நேரே சொல்லத் தைரியமில்லாமல் சுற்றி வளைத்தாள்.

"டாக்டர், சும்மா கேக்கறேன். ஒருவேளை எனக்குத் தூக்கம் குறைஞ்சா, மறுபடி மேல சேர்த்துடுவீங்களா?"

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. மணிப் பக்கமும் போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார்.

"நல்லாத்தான் தூங்கறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் மன டாக்டருக்குக் கீழ்த்தாடையில் கடைசிப் பல்லில் வலி கிளம்பியது.

பல் யாரைத்தான் விட்டது? அந்த வட்டாரத்தில் கடைவாய்ப் பல் பிடுங்கத் தைரியமுள்ள கை டாக்டரம்மாவுடையதுதான். முதல்முறை அவர் வந்த அன்று வலிக்காதக்கா லீவு. வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, வடிந்தபின் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது முறை வந்து நாற்காலியில் ஏறிச் சாய்ந்தபோது, தலைக்கு மேல் விளக்கும், முகக்கவசம் போட்டுத் தொப்பி மாட்டிய ஒரு பெண்ணும்தான் அவருக்குத் தெரிந்தன. அவள் கழுத்தில் துணி கட்டினாள். அவர் அவளை அடையாளம் காணவில்லை. அவள் அவரை வாசலிலேயே கண்டுகொண்டுவிட்டாள்.

ஊர் மனத்தை எல்லாம் பார்க்கிறவர், ஊசியைப் பார்த்ததும் பிள்ளையாகிவிட்டார்.

"சிஸ்டர், வலிக்குமா?"

பழிவாங்க நினைத்திருந்தால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. ஒரே வார்த்தை, அவள் பெயராகவே ஆகிவிட்ட வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"வலிக்கும்" என்றாள். "கீழ்ப் பல்லுக்கு ஊசி ஆழமாப் போகும். பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி ஆயிடும். பிடுங்கறப்போ சத்தம் கேட்கும், எலும்பு முறியற மாதிரி. முறியாது. நடுவுல வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்துவோம்."

"நிறுத்துவீங்களா, நிஜமா?"

"நிறுத்துவோம். அப்புறம் மறுபடி ஆரம்பிப்போம். பல்லு வந்துதானே ஆகணும்?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். மன டாக்டர் கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

பாதியில் இடது கை உயர்ந்தது. வலிக்காதக்கா குழாயை எடுத்தாள். டாக்டரம்மா நிறுத்தினார், இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். மன டாக்டர் கண்ணைத் திறந்து, நின்றுவிட்ட கருவியையும், எடுத்துவிட்ட குழாயையும், பிறகு முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த இரண்டு கண்களையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். வாயில் அதற்கு இடமில்லை. தானே கையை இறக்கிக்கொண்டார்.

பல் வந்தது. வளைந்த வேர், பிடிவாதக்காரப் பல். டாக்டரம்மா பள்ளத்தில் பஞ்சை வைத்து, "அழுத்திக் கடிச்சுக்கோங்க. அரை மணி நேரம் எடுக்கக்கூடாது, துப்பக்கூடாது, பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் காத்திருந்த இன்னொரு வாய்க்குப் போய்விட்டார்.

வலிக்காதக்கா அவரைச் சுவரோரம் இருந்த சாதா நாற்காலியில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினாள். ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பஞ்சை எடுக்காதீங்க, ரத்தம் வரும்."

அவர் தலையாட்டினார்.

"அன்னைக்கு ரத்தப் பரிசோதனைன்னு சொன்னீங்க. அரை மணி நேரம்னு சொன்னீங்க. நான் தெனமும் அந்தப் பொய்யை வித்தவ டாக்டர். எங்கிட்டயே வித்துட்டீங்க. என்னைச் சேர்த்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. இல்லைன்னா ரோட்டுல நின்னுருப்பேன். ஆனா அதுக்கப்புறம் உங்க முன்னாடி உட்கார்ந்தா எனக்கு வாயே வர்றதில்ல. ஒரு வருஷமா நான் உங்ககிட்ட ஒரு உண்மைகூடச் சொல்லலை. பாத்ரூம் போனேன்னு சொன்னதுகூடப் பொய்."

அவர் கை பஞ்சை நோக்கிப் போனது.

"எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

கை இறங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியாலா, வேறெதனாலா என்று வலிக்காதக்கா ஆராயவில்லை. இத்தனை வருடத் தொழிலில், அந்த அறையில் வருகிற கண்ணீரை அவள் ஆராய்ந்ததில்லை.

"போன தடவை கேட்டேன், மறுபடி சேர்ப்பீங்களான்னு. பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. அது பதில் இல்ல டாக்டர். அந்தப் பேச்சு எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். இதுவரை சொன்னது குற்றச்சாட்டு, அது சுலபம். இனிமேல் சொல்லப்போவதைத் திரும்ப எடுக்க முடியாது. "எனக்கு மூணு நாலு வாரமா தூக்கம் இல்ல. வீட்டுல யாருக்கும் தெரியாது. நல்லா நடிக்கிறேன். இப்ப உங்க பல்லைத் தட்டுல பார்த்தேன். அதைக் கழுவி, பஞ்சுல சுத்தி, உங்க வீட்டுல கொண்டுவந்து குடுக்கணும்னு இருக்கு. இந்த நிமிஷமே இருக்கு. அது எனக்கு நல்லதில்லைன்னு தெரியுது. தெரியறது இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியலை."

சொல்லி முடித்ததும் உடம்பு முழுக்கப் பயம் வந்தது. வாசலைப் பார்த்தாள். யாரும் அவளைப் பிடிக்க வரவில்லை. பக்கத்து அறையில் டாக்டரம்மா யாருக்கோ, "வாயை இன்னும் பெருசா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மன டாக்டர் ஆறுதல் சொல்ல முடியாத நிலையில் இருந்தார். தோளைத் தட்டிக்கொடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை இல்லை, பேனா இல்லை, மணி இல்லை. நேரம் ஆனதும் அவளே எழுந்து, கையுறை மாட்டி, பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"இப்ப பேசலாம். மெதுவா."

அவர் பேசினார். உதடு ஒரு பக்கம் தொங்கியது, பாதி வார்த்தை காற்றாகப் போனது.

"அன்னைக்குப் பொய் சொன்னது... உங்களுக்காக இல்ல. எனக்கு அது சுலபமா இருந்துச்சு. ரூமுக்கு வெளியில இன்னும் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தாங்க."

வலிக்காதக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"மறுபடி சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது. முதல்ல மாத்திரையை மாத்திப் பார்க்கலாம். சரியா வரலைன்னா சேர்க்கத்தான் வேண்டியிருக்கும். உங்களுக்கு அது பிடிக்காது. அப்பவும் சேர்ப்பேன். ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான், வேற யார்கிட்டயும் முதல்ல சொல்ல மாட்டேன்."

"மேல அந்த நாடாவை வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க."

கேட்பதற்கு நன்றாக இல்லை. ஒரு வார்த்தைகூட நன்றாக இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் சொன்னதை அவளால் நம்ப முடிந்தது. தும்மல் வருவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அவர் காத்திருந்தார்.

பிறகு கைக்குட்டையால் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடுங்க. நேரமெடுத்துப் பேசலாம்."

வலிக்காதக்கா ஏற்கெனவே மேலங்கியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வேண்டாம் டாக்டர். நாளைக்கு வந்தா, நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். இப்பவே உங்க கூட வர்றேன்."